சான் விட்டோவின் வலது கை

சலேர்னோவில் ரயில் ஏறியபோது என் இடத்தில் ஒரு அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது.

ஜன்னலோர இருக்கை, எண் பதினைந்து. மூன்று வாரம் முன்பே பதிவு செய்தது. பெட்டி நீளமாக இருந்தது, பூக்கடைக்காரர்கள் நீளத்தண்டுப் பூக்களை வைத்து அனுப்புவார்களே, அது மாதிரி. விழாமல் இருக்கக் குறுக்கே ஒரு இடுப்பு பெல்ட் போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்து இருக்கையில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், ஜூன் மாத வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல், ஒரு கையைப் பெட்டியின்மேல் வைத்தபடி இருந்தார்.

நான் வாசலில் நின்று டிக்கெட்டைப் பார்த்தேன். பிறகு இருக்கை எண்ணைப் பார்த்தேன். "இது என் இடம்" என்று சொல்ல மூன்று சொற்கள் போதும். சொல்லவில்லை. ஆறு பேர் அமரும் அந்த அறையில் வேறு யாரும் இல்லை. கதவோரம் உட்கார்ந்தேன்.

ஆறு நாளாக ரயிலில்தான் இருந்தேன். பார்சலோனாவில் தொடங்கி மார்சேய், ஜெனோவா, நேப்பிள்ஸ் வழியாகக் கீழே வந்துகொண்டிருந்தேன். ஃபெராராவில் ஒரு ஆய்வகத்தில் ஆற்றுத் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை பத்து நாள் விடுமுறை. ரயிலில் யாரோடும் பேச வேண்டியதில்லை, அதனால் ரயில். ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு ரயிலின் தாமதத்தையும் நிமிடக் கணக்கில் எழுதி வந்தேன். கடல் எந்தப் பக்கம் என்பதையும் எழுதினேன். ஆறு நாளும் ஒரே சொல்தான்: வலது. ஸ்பெயினிலிருந்து இத்தாலியின் காலடி வரை இந்தக் கரையோரமாக வந்தால் கடல் வலது பக்கமே இருக்கும். சிசிலிக்குள் நுழைந்து சிராகூசாவுக்குத் திரும்பினால் இடது பக்கம் வந்துவிடும். நடுவில் ஜலசந்தி. அங்கே ரயிலைத் துண்டுதுண்டாக்கிக் கப்பலுக்குள் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். பயணிகள் மேல்தளத்துக்குப் போய் நின்று பார்க்கலாம். வலது இடதாக மாறும் அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் இந்தப் பயணத்தையே திட்டமிட்டிருந்தேன்.

ரயில் கிளம்பிச் சுரங்கம் ஒன்றைத் தாண்டிய பிறகுதான் அவர் என் கையிலிருந்த டிக்கெட்டைக் கவனித்தார்.

"பதினஞ்சு உங்களுதா?"

பரவாயில்லை என்றேன்.

"ஏம்மா, ஏறினவுடனே சொல்லக்கூடாதா? பல்வலியா?" எழுந்து பெல்ட்டை அவிழ்க்கப் போனவர் தயங்கினார். "இவரு கொஞ்சம் குலுங்கக்கூடாது. போற திசையப் பாத்துத்தான் உக்காரணும்னு ரோம்ல சொல்லி அனுப்பியிருக்காங்க. நீங்க தப்பா நெனைக்கலன்னா..."

இவர் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. முகம் கேட்டிருக்க வேண்டும். அவர் கதவை மூடிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நீலப் பூத்துவாலை. துவாலைக்குள் ஒரு கை.

மரக்கை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. சிவப்புச் சட்டைக்கையும் அதன் ஓரத்தில் தங்கப் பூச்சும். கட்டைவிரல் சற்று மடங்கி, இரண்டு விரல்கள் நிமிர்ந்து, மற்ற இரண்டும் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தன. ஆசீர்வதிக்கும் கை. நிமிர்ந்த விரல்கள் இரண்டிலும் அடிக்கணுவுக்குக் கீழே மெல்லிய கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேலே நிறம் ஒரு சாயல் வெளிறியிருந்தது. ஒட்டிய இடம்.

அவர் பெயர் நுன்ட்ஸியோ. எட்னா மலைச் சரிவில் மொந்தெசால்வா என்ற ஊர். ஜாரே நிலையத்தில் இறங்கிப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏற வேண்டும்; விழாக்குழு ஆட்கள் அங்கே வேனோடு காத்திருப்பார்கள். மறுநாள் அங்கே சான் விட்டோ திருவிழா. பாவ்லா நிலையம் வருவதற்குள் மீதி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பவரிடம் சொல்வது அவருக்கு வசதியாக இருந்தது போல.

அந்த ஊரில் புனிதரின் சப்பரத்தை இருபது பேர் தோளில் தூக்குவார்கள். ஊரெல்லாம் மெதுவாகச் சுற்றிவிட்டு, கடைசி ஏற்றத்தில் கோயில் வாசல் வரை ஒரே ஓட்டமாக ஓடுவார்கள். முன் வலது தண்டு இருபத்திரண்டு வருஷமாக நுன்ட்ஸியோவின் தோளில். அதற்கு முன் அவர் அப்பாவின் தோளில். போன வருஷம் ஓட்டத்தில் அவருக்குக் கால் இடறியது. சப்பரம் சாய்ந்து, புனிதரின் வலது கை மருந்துக்கடைக்காரர் வீட்டு பால்கனிக் கம்பியில் போய் மோதியது. விரல்கள் இரண்டும் தெறித்தன. ஒன்று, கீழே நின்ற ஒருவரின் தொப்பிக்குள் விழுந்தது. மற்றது மூன்று நாள் கழித்து மருந்துக்கடைக்காரரின் மனைவி செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பூந்தொட்டியில் கிடைத்தது.

"அன்னையிலேர்ந்து என் பேரே மாறிப்போச்சு. காபிக் கடைக்குப் போனா, ரெண்டு விரலு வந்தாச்சுங்கறானுங்க. ரெண்டு காபி கேக்கக் கையைத் தூக்க முடியல எனக்கு."

கை, ஒட்டுவதற்காக ரோமில் ஒரு பட்டறைக்குப் போனது. தண்டு அவருடைய மச்சான் மகனுக்குப் போனது. தற்காலிகமாகத்தான். விழாக்குழுத் தலைவர் அல்ஃபியோ, லாரி மெக்கானிக். அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அதை நுன்ட்ஸியோ அல்ஃபியோவின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்:

"உடைச்சது நீ. நீயே ரோமுக்குப் போ, நீயே வாங்கு, நீயே கொண்டாந்து என் கையில குடு. குடுத்தா நாளைக்குத் தண்டு உன் தோள்ல. வேற எவனாவது கொண்டாந்தா, நீ ஓரமா நின்னு கை தட்டு."

அதனால்தான் அவர் கோட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் பெட்டியிலிருந்து கையை எடுக்க வேண்டுமே.

நான் உயிரியல் படித்தவள் என்று எப்படியோ வெளியே வந்துவிட்டது. எங்கள் நாட்டில் பட்டம் வாங்கிய எல்லோரும் டாக்டர்தான். உடனே டாக்டரம்மா ஆனேன். டாக்டரம்மாவிடம் தன் வலது முழங்காலைக் காட்டினார். போன வருஷம் இடறியது அந்தக் காலில்தானாம். நான் ஆற்றுத் தண்ணீர் பார்ப்பவள் என்றேன். முழங்காலுக்குள்ளும் தண்ணீர்தான் சேர்ந்திருக்கிறது என்றார்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். கலாப்ரியாக்காரர், நல்ல தொந்தி. பெல்ட் கட்டிய பெட்டியைப் பார்த்தார்.

"இதுக்கு டிக்கெட்?"

நுன்ட்ஸியோ துவாலையை விலக்கிக் காட்டினார்.

"மிச்ச ஆளு எங்க?"

"ஊர்ல நிக்கறாரு. நாளைக்குள்ள இது போகலன்னா ஒத்தக் கையோடதான் வெளிய வருவாரு."

பரிசோதகர் தொப்பியை எடுத்துவிட்டு, மர விரல்களை மெல்லத் தொட்டுத் தன் உதட்டில் வைத்துக்கொண்டார். பிறகு என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். பதினைந்து என்றிருந்ததைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

கதவோரத்திலிருந்து பார்க்கும்போது கடல் சின்னச் சதுரமாகத் தெரிந்தது. சுரங்கம், கடல், சுரங்கம், கடல். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு அரளிச் செடியும் ஒரு கடிகாரமும் இருந்தன. கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மொட்டைமாடிகளில், என்றாவது கட்டப்போகும் அடுத்த மாடிக்கான கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. கம்பிகளில் துணி காய்ந்தது. நுன்ட்ஸியோ பொரித்த குடைமிளகாய் வைத்த ரொட்டியை எடுத்து, வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்குள் பாதியை வெட்டி என் மடியில் வைத்திருந்தார்.

வில்லா சான் ஜொவான்னிக்கு நாற்பத்தோரு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ரயிலை வெட்டினார்கள். இந்த ரயில் மெசினாவில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி பலேர்மோவுக்கு, மறு பாதி சிராகூசாவுக்கு. எங்கள் ரயில்பெட்டி சிராகூசா பாதியில். முன்னும் பின்னுமாக இழுத்து, கப்பலின் வயிற்றுக்குள் இரண்டு பாதிகளையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார்கள். விளக்கு பாதியாகக் குறைந்தது. குளிர்சாதனம் நின்றது. எல்லோரும் மேலே போக எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

நுன்ட்ஸியோவும் எழுந்திருந்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

மெசினா துறைமுகத்தின் வாசலில் உயரமான தூணின்மேல் பொன்னிற மாதா நிற்கிறாள். அந்தப் பக்கத்துக்காரர்கள் கடக்கும்போதெல்லாம் மேல்தளத்தில் நின்று அவளுக்குத் தலை வணங்கிவிட்டுத்தான் இறங்குவார்கள். கப்பல் அவளைத் தாண்டுவது கடைசியில், கரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால். எல்லோரும் பெட்டிக்குத் திரும்புங்கள் என்ற அறிவிப்பு அதற்கு முன்பே வந்துவிடும். அது வெளியூர்க்காரர்களுக்கான அறிவிப்பு என்றார் நுன்ட்ஸியோ. போன வருஷம் மே மாதம் இந்த ஜலசந்தியைக் கடந்தபோது அவர் பெட்டியிலேயே தூங்கிவிட்டார். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் மேலே போகவில்லை. அடுத்த மாதம் கால் இடறியது.

"எனக்கு வேற காரணம் தேவையில்ல, டாக்டரம்மா."

கையை மேலே கொண்டுபோக முடியாது. தங்கப் பூச்சு உலர்ந்து இறுக இன்னும் ஒரு வாரம் ஆகும், உப்புக்காற்று படக்கூடாது என்று ரோமில் சொல்லியிருந்தார்கள்.

"இருபது நிமிஷம். இவரப் பாத்துக்கறீங்களா?"

நானும் மேலே போகத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சரி என்றேன்.

அவர் போனதும் இருக்கை எண் பதினைந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் பலேர்மோ பாதியின் ஜன்னல். அதே சாம்பல் நிறம், அதே திரை, அதே காலி இருக்கைகள். கப்பல் நகர்ந்ததா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. தண்ணீர் புட்டியில் நீர்மட்டம் மெல்லச் சாய்ந்து நேரானது. அதை வைத்து நகர்கிறது என்று முடிவு செய்தேன். நான் பார்த்த ஜலசந்தி அவ்வளவுதான்.

அறிவிப்பு வந்தது. ஆட்கள் திரும்பி வந்தார்கள். கைகளில் எண்ணெய்க் காகிதமும் அரிசி உருண்டையும். நுன்ட்ஸியோ வரவில்லை. வரமாட்டார் என்று தெரியும், மாதா இன்னும் வரவில்லையே. பிறகு கப்பல் இடித்து நின்றது. சங்கிலிகள் உருண்டன. பெட்டிக் கதவுகள் சாத்தும் சத்தம். எங்களை வெளிச்சத்துக்கு இழுத்தார்கள். நுன்ட்ஸியோ அப்போதும் வரவில்லை.

அவர் கைபேசி இருக்கையிலேயே சார்ஜில் கிடந்தது. ஒலித்தது. திரையில் அல்ஃபியோ என்று வந்தது. நான் எடுக்கவில்லை. நின்று, மறுபடி ஒலித்தது.

மெசினா நிலையத்தில் சிராகூசா பாதி மூன்றாவது நடைமேடையில் நின்றது. பன்னிரண்டு நிமிடத்தில் கிளம்பும் என்றார்கள். பலேர்மோ பாதி ஆறாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருந்தது. கலாப்ரியாக்காரர் இறங்கிப் போய்விட்டார், புது ஆட்கள் ஏறியிருந்தார்கள். பரிசோதகர் இந்த முறை ஓர் இளம்பெண். அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்த நாளில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவள் பொறுமையாகக் கேட்டாள். கீழே வந்த அவசரத்தில் அடுத்த பாதியில் ஏறியிருப்பார், அடிக்கடி நடப்பதுதான் என்றாள். ஜாரேயில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் அல்லவா, பெட்டியை நீங்களே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், அவர் அடுத்த ரயிலில் வரட்டும்.

சரியான யோசனை. கை பத்திரமாகப் போய்ச் சேரும். திருவிழா நடக்கும். நுன்ட்ஸியோ ஓரமாக நின்று கை தட்டுவார்.

ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்க நேரம் இல்லை. பெட்டி, அவர் கைபேசி, தோள்பை. என் பெரிய பை மேல்தட்டில் இருந்தது. அதை எடுத்தால் பெட்டியைத் தூக்க முடியாது. விட்டுவிட்டு இறங்கினேன்.

ஆறாவது நடைமேடைக்குச் சுரங்கப்பாதை வழியாகப் போக வேண்டும். பெட்டி கனக்கவில்லை, நீளம்தான் தொந்தரவு. மேலே வந்தபோது பலேர்மோ பாதி நின்றுகொண்டிருந்தது. நடைமேடை முழுக்க ஆட்கள். ஜன்னல்களில் மதிய வெயில் பட்டு உள்ளே எதுவும் தெரியவில்லை. பெட்டி பெட்டியாக நடந்தேன். "நுன்ட்ஸியோ" என்று கூப்பிட்டேன். என் குரல் என் காதுக்கே சரியாக வரவில்லை. ரொட்டி விற்கிறவர் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு, என்ன வேண்டும் என்றார்.

எனக்குக் கத்த வராது. சின்ன வயதிலிருந்தே வராது. பெட்டியைக் கீழே வைத்துத் திறந்தேன். துவாலையைப் பிரித்துக் கையை எடுத்தேன். முழங்கைப் பக்கம் இரண்டு கைகளாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினேன்.

தூக்கிக்கொண்டு நடந்தேன்.

முதலில் பேச்சு நின்றது. பிறகு வழி விட்டார்கள். ஓர் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ரொட்டிக்காரர் தொப்பியை எடுத்தார். யாரோ, "எந்தப் புனிதரு?" என்று கேட்டார்கள். "சான் விட்டோ" என்றேன். "வலது கையா?" என்றது இன்னொரு குரல். யாரோ கைபேசியில் படம் எடுத்தார்கள். இரண்டு விரல்கள் எல்லோர் தலைக்கும் மேலே நிமிர்ந்து போயின. தோள் வலித்தது. உப்புக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

நான்காவது பெட்டியில் உள்ளிருந்து யாரோ கண்ணாடியை இரண்டு கைகளாலும் அறைந்தார்கள். அந்த ஜன்னல்கள் திறக்காது. சற்று நேரத்தில் நுன்ட்ஸியோ வாசலில் தெரிந்தார், படிகளைத் தாண்டிக் குதித்தார், வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. விரல்களைத் தொட்டு எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு."

பிறகுதான் என்னைப் பார்த்தார். ரோமுக்குப் போகும்போது அவருடைய ரயில்பெட்டி கப்பல் படிக்கட்டுக்கு வலது பக்கம் நின்றதாம். மாதாவைக் கும்பிட்ட கையோடு ஓடி இறங்கி, அதே வலது பக்கம் ஏறியிருக்கிறார். அதே மாதிரி அறை, காலியாக இருந்திருக்கிறது.

"நீங்க புனிதரத் தூக்கிட்டு ஓடிட்டீங்கன்னு நெனச்சேன், டாக்டரம்மா. ரெண்டு நிமிஷம்தான் நெனச்சேன். ஆனா நெனச்சேன்."

மூன்றாவது நடைமேடையிலிருந்து சிராகூசா பாதி கிளம்பிப் போனது. என் பை அதில் போனது.

கைபேசி மறுபடி ஒலித்தது. இந்த முறை அவர் எடுத்தார். ரயில் லேட் என்று மட்டும் சொன்னார். எங்கள் நாட்டில் யாரும் காரணம் கேட்காத பதில் அது. அடுத்த சாதாரண ரயில் ஒரு மணி நேரம் கழித்து. அதில் பெட்டியை அவர் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. கடல் இடது பக்கம் இருந்தது. எப்போது மாறியது என்று நான் பார்த்திருக்கவில்லை.

ஜாரேயில் நானும் இறங்க வேண்டியிருந்தது. அந்த ரயில் அத்தோடு நின்றது. நடைமேடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அல்ஃபியோ என்று சொல்லாமலே தெரிந்தது. விரல் நகங்களில் கிரீஸ். நுன்ட்ஸியோ நொண்டாமல் நடக்க முயன்றார். பெட்டியை இரண்டு கைகளிலும் ஏந்திக் கொடுத்தார்.

அல்ஃபியோ வாங்கினார். திறந்து பார்த்தார். பிறகு பெட்டியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுத் தன் கைபேசியை எடுத்து நீட்டினார். மெசினா நிலையம், தலைகள், தலைகளுக்கு மேலே கை. கீழே என் முதுகு. மெசினாவில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை மகள் இரண்டு மணி நேரம் முன்பே அனுப்பியிருந்தாள்.

"நம்ம புனிதரு மெசினாவுல இறங்கி நடந்திருக்காரு போல" என்றார் அல்ஃபியோ. "யாரு தோள்ல நடந்தாரு?"

நுன்ட்ஸியோ தன் காலணிகளைப் பார்த்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் தூக்கினேன்" என்றேன். "இவர் என்கிட்ட பாத்துக்கச் சொல்லிட்டு மேல போனார். வரும்போது பலேர்மோ போற பாதியில ஏறிட்டார்."

"மேல எதுக்கு?"

"மாதாவைப் பார்க்க."

அல்ஃபியோ கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். நுன்ட்ஸியோ பக்கம் திரும்பினார்.

"தாண்டற வரைக்கும் நின்னியா?"

"நின்னேன்."

"அறிவிப்பு வந்ததுக்கு அப்புறமும்?"

"அது நமக்கா சொல்றாங்க?"

அல்ஃபியோ மூக்கைச் சொறிந்தார். பக்கத்தில் இருந்தவர், அப்படியென்றால் அவரைக் குறை சொல்ல முடியாது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மற்றவரும் தலையாட்டினார். அந்த மூன்று பேரில் யாராக இருந்தாலும் அங்கே நின்றிருப்பார்கள், கப்பல் கரையை இடிக்கும் வரை நின்றிருப்பார்கள் என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"என் கையில குடுத்தது நீதான்" என்றார் அல்ஃபியோ கடைசியில். "நாளைக்கு முன் வலது உனக்கு. ஆனா ஒண்ணு. மருந்துக்கடை தாண்டுற வரைக்கும் நடை. அதுக்கப்புறம்தான் ஓட்டம்."

நுன்ட்ஸியோ சரி என்றார். இன்னொருவர் வேனின் கதவைத் திறந்துகொண்டே, "ஏறுங்க, பலேர்மோக்காரரே, ஊருக்குத்தான் போகுது வண்டி, பாத்து ஏறுங்க" என்றார். ரெண்டு விரல் அன்றோடு போய்விட்டது என்று தெரிந்தது. புதிய பெயர் எவ்வளவு நாள் இருக்கும் என்று தெரியவில்லை.

திருவிழாவுக்கு வரச் சொன்னார்கள். என் பை சிராகூசாவில் இருக்கிறது என்றேன். அது நல்ல காரணமாக இருந்தது. நுன்ட்ஸியோ ரொட்டியின் மீதிப் பாதியைக் காகிதத்தோடு என் தோள்பையில் திணித்துவிட்டு வேனில் ஏறினார். பெட்டி மறுபடி அவர் மடியில் இருந்தது.

அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும்போது நோட்டை எடுத்து எழுதினேன். தாமதம்: நூற்று எண்பத்தேழு நிமிடம். கடல்: இடது.

சிராகூசாவில் பை தவறிய பொருள்கள் வைக்கும் அறையில் இருந்தது. எதுவும் குறையவில்லை. நான்கு நாள் கழித்து அதே வழியில் வடக்கே திரும்பினேன். மெசினாவில் கப்பல் கிளம்பியதும் மேல்தளத்துக்குப் போனேன். வடக்கே போகும்போது மாதா முதலிலேயே வந்துவிடுகிறாள். அவளைப் பார்த்த பிறகு பெட்டிக்குத் திரும்ப நிறைய நேரம் இருக்கிறது. தூண் பக்கத்தில் வந்தபோது சுற்றி இருந்தவர்கள் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன். பிறகு கீழே போய், டிக்கெட்டை எடுத்து, பெட்டி எண்ணை இரண்டு தடவை சரிபார்த்து ஏறினேன்.